ஐ எழுத்துக்கு அப்பா சொன்ன கதை

சேசு மரி சூசை

தூத்துக்குடி
14.6.1976

அன்பு மகன் கிளாட்வினுக்கு அப்பா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்து அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிடாதே, அம்மா தேவலை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினெட்டு நாளாகிறது, மூச்சிழுப்பு இப்போது அந்தியில் மட்டும்தான் வருகிறது, நான் வைக்கும் ரசத்தில் புளி கூட, உப்பு குறைவு என்று சொல்லுமளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எனக்கு முட்டுவலியும் அலுப்பும் தவிர வேறு கோளாறு இல்லை. உனக்கு வடக்கே கண்டலாத் துறைமுகத்தில் ஒரு குறையும் வரக் கூடாது என்று இரண்டு பேரும் தினமும் ஜெபமாலை சொல்லி முடித்த பிறகு உனக்காகத் தனியாக ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுகிறோம்.

உன் தங்கை கிளாடிஸ் மணப்பாட்டிலிருந்து வந்து அம்மாவைப் பத்து நாள் பார்த்துக்கொண்டாள். அவளுடைய சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான், கட்டிலுக்கடியில் மருந்துப் புட்டியைத் தேடிப் போகிறான், அவனை வைத்துக்கொண்டு நோயாளியையும் பார்க்க முடியாமல் அவளுக்கே காய்ச்சல் வரும் போலிருந்தது, நான்தான் போகச் சொன்னேன். அவள் போன பிறகு எல்லாம் என் தலையில். விடிந்ததும் குழாயடி, பிறகு கஞ்சி, பிறகு மருந்து, பிறகு மார்க்கெட். முப்பத்தோரு வருடம் துறைமுகப் பாலத்தில் வெயிலில் நின்று மூட்டை எண்ணினபோது வராத அலுப்பு இந்த இரண்டு பேர் சமையலில் வந்துவிடுகிறது. ஆனிக் காற்று வேறு, கதவைச் சாத்தினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் சோற்றில் மணல். இதையெல்லாம் செய்துகொண்டு அவள் உனக்கு மாதம் இரண்டு கடிதமும் எப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எழுதி முடித்த தாளின் ஓரத்தில் அப்பாவின் ஆசிகள் என்று ஒரு வரி போட்டதுதான் இந்த எட்டு வருடத்தில் நான் உனக்கு எழுதினது. நீயும் அப்பாவுக்கு வணக்கம் என்று ஒரு வரி எழுதுவாய், சரிக்குச் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்பா இப்போது புத்தகம் படிக்கிறார் என்று அம்மா எழுதியிருப்பாள், நீ நம்பியிருக்க மாட்டாய். ரிட்டயரான புதிதில் தினமும் பழைய பாலத்துக்கே போய் நின்றுகொண்டிருந்தேன். பெரிய கப்பலெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டது, தோணிக்குச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு நான் இடைஞ்சல் என்று தெரிந்த பிறகு வாசகசாலைக்குப் போய்ப் பேப்பர் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே மூன்று பேர் சேக்காளிகளானார்கள். ஒன்று நம் தெருப் பிளாரன்ஸ் டீச்சர், உனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர்கள்தான். இன்னொருவர் ஆராவமுதன், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், தபால் ஆபீஸில் இருந்தவர். மூன்றாவது நாசரேத்துக்காரர் ஞானையா, கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இவர்கள் ஒரு பந்தயம் போட்டார்கள். அ தொடங்கி ஔ வரை பன்னிரண்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு புத்தகம், அவரவர் புத்தகத்தை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும், மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் டீச்சர் வீட்டில் கூடி, படித்ததைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு புத்தகம் மற்றவர் கைக்குப் போக வேண்டும். படிக்காமல் வருகிறவர் அடுத்த மாதம் எல்லோர் புத்தகத்துக்கும் அட்டை போட்டுத் தர வேண்டும். மூன்று பேர் போதாது என்று என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பந்தயம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. மார்கழி பிறந்தால் ஆராவமுதன் பாசுரத்தைத் தவிர எதையும் தொடமாட்டார், நாற்பது நாள் தபசு காலம் வந்தால் டீச்சர் கதைப் புத்தகத்தை ஒறுத்து ஒதுக்கிவிடுவார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் ஞானையா பாவம் காத்துக்கொண்டிருப்பார். ஈ எழுத்துக்கு அவருக்கு ஒன்றுமே அகப்படாமல், கொசுவையும் ஈயையும் ஒழிப்பது பற்றிய ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து, ஈ முட்டையிடுவதிலிருந்து கடைசிவரை முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார், ஆராவமுதன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். உ எழுத்துக்கு நான் உப்பைப் பற்றி ஒன்று படித்தேன். எழுதினவர் ஒரு நாளும் உப்பளத்து வரப்பில் வெறுங்காலோடு நின்றதில்லை என்று எனக்குத் தெரிந்தது, எங்கெங்கே தப்பு என்று சொன்னேன். மூன்று பேரும் வாய் பேசாமல் கேட்டார்கள். நான் சொல்வதை யாரும் அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை மகனே, அன்றிலிருந்துதான் எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

மே மாதம் ஐ எழுத்து. வாசகசாலையில் ஐ என்று இருந்தது மொத்தம் மூன்று, மூன்றையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். நான் தேடப் புறப்பட்ட அன்றுதான் அம்மாவுக்கு இழுப்பு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் தன் ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. நாலாக மடித்து, எண்ணெய்க் கறை படிந்து, ஏதோ கதைப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், பக்கம் 117, 118, புத்தகத்தின் பெயர் அதில் இல்லை. ஓரத்தில் பென்சிலில் உன் கையெழுத்து. இது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, கிளாட்வின் கடலை வாங்குன தாளு, ஒரு ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்தான், கடலையத் தொடாம, சோறும் திங்காமப் படுத்துட்டான், வியாழக்கிழமை ரயிலேறிட்டான், சட்டையத் துவைக்க எடுத்தா பையில இது இருந்துச்சி என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் தகரப் பெட்டியில் இருந்த புத்தகங்களைக் கரையான் அரித்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்று அன்று உன்னிடம் சொன்னேன். அது பொய். நீ பி.யூ.சி. தவறின ஆத்திரத்தில், கதைப் புத்தகம்தான் உன்னைக் கெடுத்தது என்று, நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியோடு தோளில் வைத்துக் கொண்டுபோய், கடலைக்கடை செல்லப்பாண்டியிடம் பொட்டலம் மடிக்கப் போட்டேன். காசு வாங்கவில்லை, அதையே பெரிய நியாயமாக நினைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாது என்று எட்டு வருடமாக நம்பிக்கொண்டும் இருந்தேன். உனக்குத் தெரியும் என்று அன்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனை நாளும் அந்த ஒரு தாளையே திருப்பித் திருப்பிப் படித்தேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற ஒரு குமாஸ்தா அதில் வருகிறார், நாலு கோடு நேராகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுக்கிறார். அந்த இடத்துக்கு நேரேதான் நீ எழுதியிருக்கிறாய்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாள் பந்தய ஞாயிறு. படிக்கவில்லை, அட்டை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். என் முறை வந்தபோது வாய் தானாக, ஐந்தாவது கோடு என்று ஒரு புத்தகம், என்று சொல்லிவிட்டது. சொன்னது நம் வீட்டுக் கதைதான், துறைமுகத்தை ரயில்வே கூட்ஸ் ஷெட்டாக மாற்றினேன், ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் நிறுத்திவிட நினைத்தேன், முடியவில்லை, கடலைத் தாள்வரை சொல்லிவிட்டேன். ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நாலு அடி அடிச்சிருந்தாக்கூட அந்தப் பிள்ளைக்கு ஆறியிருக்கும் ஓய் என்றார். ஞானையா, அந்தப் பையன் ஒரு வார்த்தை கேக்காமத் தாளை மடிச்சிப் பையில வச்சான் பாருங்க, அந்த அப்பனுக்கு அதுக்குமேல தண்டனை வேண்டாம் என்றார். டீச்சர் மட்டும், பெறகு அந்த அப்பன் என்ன செஞ்சான் என்று கேட்டார்கள். கடைசிப் பக்கமெல்லாம் கிழிந்துபோயிருந்தது என்று சொன்னேன். அதையும் எவனாவது கடலை மடிக்கக் கிழிச்சிருப்பான் என்றார்கள் டீச்சர். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகுதான் வினை. புத்தகம் மற்றவர் கைக்குப் போக வேண்டுமே. தோணிக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினது, அவர் கொழும்புக்கு எடுத்துப்போய்விட்டார் என்று அதற்கொரு பொய். ஞானையா விடவில்லை, இந்த வெயிலில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வந்தார். ஆராவமுதன் மெட்ராஸுக்குக் கார்டு போட்டு, அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று வந்த பதிலை என்னிடமே கொண்டுவந்து காட்டி, பேரை மாத்தி ஞாபகம் வச்சிண்டிருக்கேளோ என்று கேட்டார். ஒரு மூட்டை கூடக் குறையப் போடாதவன் என்று பாலத்தில் பெயர் வாங்கினவன் நான், மூன்று வயதானவர்களை இல்லாத புத்தகத்துக்காக அலையவிட்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை டீச்சர் அம்மாவுக்கு இடியாப்பம் கொண்டுவந்தார்கள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, அந்தப் பெட்டியில என் புத்தகமும் மூணு கெடந்துச்சி அண்ணாச்சி என்றார்கள். கிளாட்வின் ரயிலேறுததுக்கு முந்தின நாள் வந்தான், டீச்சர், நாந்தான் பத்திரமா வைக்கல, கரையான் அரிச்சிட்டுதுன்னு சொல்லித் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னான், நானும் நம்பிட்டேன், நீங்க கதை சொல்லுத வரைக்கும் நம்பிட்டுத்தான் இருந்தேன் என்றார்கள். பிறகு, ஞானையாவ இனி அலைய விடாதீங்க, அடுத்த கூட்டத்துல நீங்களே சொல்லிருங்க, ஆனா எங்களுக்குச் சொல்லுததுக்கு முன்னால அவனுக்குச் சொல்லிருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் கையில் கடலைத் தாள் வந்துவிட்டது. டீச்சர் வீட்டுக்குப் போனது புதன்கிழமை. என் பொய் என்று தெரிந்த பிறகும் அதே பொய்யை உன் குற்றமாகச் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். பத்தொன்பது வயதில் உனக்கு இருந்தது எனக்கு ஐம்பது வயதில் இல்லை. நான் செய்தது தப்பு கிளாட்வின், செய்ததைவிட மறைத்தது பெரிய தப்பு. புத்தகம் என்றால் என்ன என்று தெரியாமல் செய்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், உனக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதில் கை வைத்தேன். எனக்கு இதைச் சுமந்து அலுத்துவிட்டது. வருகிற இருபத்தேழாம் தேதி ஞாயிறு அவர்கள் மூன்று பேர் முன்னாலும் சொல்லிவிடுவேன், அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடும். ஒ, ஓ, ஔ என்று இன்னும் மூன்று எழுத்து இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் தனியாகப் படித்து முடிப்பேன்.

தாளின் ஓரத்தில் நீ எழுதியிருப்பது, அப்பாவும் இப்படித்தான் கோடு போடுவார்களா, கேட்க வேண்டும் என்று. நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், போய்ப் பாடத்தைப் படிலே என்று விரட்டியிருப்பேன். இப்போது சொல்லுகிறேன். அந்தக் கதை எழுதினவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. பேப்பரைப் பார்க்காமல் கோடு போடுவது நிஜம், கண் மூட்டையை விட்டு நகரக் கூடாது. ஆனால் மூட்டை சுமக்கிற ஆள் தோணிக்குப் போட்ட பலகையில் கால் வைத்ததும் கோடு போடுவதாக எழுதியிருக்கிறார், அது தப்பு. அவன் தடுக்கி மூட்டை தண்ணீரில் போய்விட்டால் போட்ட கோட்டை என்ன செய்வது. முதுகைவிட்டு மூட்டை தோணிக்குள் இறங்கின பிறகுதான் கோடு. போட்ட கோட்டை அழிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வேறு ஏதாவது என்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது இருந்தால் எழுதிக் கேள், இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன், தலையில் துண்டில்லாமல் வெளியே இறங்காதே, மோர் குடி, ஞாயிறு பூசையை விடாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள் கேட்காவிட்டாலும் எதிர்பார்க்கிறாள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாதா கோவில் திருவிழா, உனக்கு நினைவிருக்கும். பனிமய மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அந்தத் தாளை இத்துடன் வைத்து அனுப்பலாமென்று அம்மாவிடம் கேட்டேன், தரமாட்டேன் என்கிறாள். என் பிள்ளை புத்தகத்துல மிஞ்சினது இந்த ஒரு தாளுதான், இதைத் தபாலை நம்பி விடமாட்டேன், அவன் வந்து வாங்கிக்கிடட்டும் என்கிறாள்.

உன் அப்பா
சிலுவை ரோச்