அடைபட்ட காற்றுத்துளைகள்

கௌடா நகரம், நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். இப்போது இங்குள்ள வீடுகளின் தரைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் தவழ்ந்துபோய், ஈரம் மேலே ஏறாமலிருக்க மண்மேல் சிப்பி ஓடு பரப்பும் வேலை செய்கிறேன்.

நேற்று போன வாடகை வீட்டில் சுவரெல்லாம் பூஞ்சை, குழந்தைக்கு ஓயாத இருமல். "துணிய உள்ள காயப்போட்டா இப்படித்தான். இவங்கள காலி பண்ணச் சொல்லிட்டேன்," என்றான் வீட்டுக்காரன். அவன் துணி மட்டும் எங்கே காய்கிறதாம்?

எங்கள் மேஸ்திரி வில்லெமினுக்கு ஐம்பத்தெட்டு வயது. அடியில் புகுந்து, சேறு சொட்ட வெளியே வந்தார். "முற்றத்துக்குக் கல்லு பாவுறப்ப காத்துத்துளைய எல்லாம் நீங்கதான் அடைச்சிருக்கீங்க, சார். அடியில இருக்குற ஈரம் வெளிய போக வழியே இல்ல. அறிக்கையில அப்படியேதான் எழுதுவேன். நம்பலைன்னா குப்புறப் படுத்து உள்ள வாங்க!"

வீட்டுக்காரன் தன் சுத்தமான கோட்டைப் பார்த்தான். கல்லைப் பெயர்க்க ஒப்புக்கொண்டான். காலி செய்யும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

மாலையில் நான் அடியில் ஓடு பரப்பும்போது, மேலே தட்டு வைக்கும் சத்தமும் குழந்தை ஓடும் சத்தமும் கேட்டன. வேலை முடிந்தும் கொஞ்சநேரம் அங்கேயே படுத்திருந்தேன்.

நீ கையால் பின்னும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வெளியே வண்டியில் வில்லெமின் ஹாரன் அடிக்கிறார்.

தாரெக்