மூன்று கட்டுரையிலும் அம்மா

மாஸி புறநகர், 12.07.2025

அன்புள்ள வித்தியா,

சுகந்தானே? மருத்துவப் படிப்பு விண்ணப்பத்துக்கு நான் எழுதிய மூன்று கட்டுரைகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் தாராளமாகக் கீறு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதுதான் தபால்.

எந்தக் கேள்விக்கு எழுதினாலும் அம்மாவின் ஆஸ்பத்திரி நாளில்தான் வந்து நிற்கிறேன். பதின்மூன்று வயதில் டொக்டர் சொன்னதை நான்தானே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். புற்றுநோய் என்று சொல்லப் பயந்து, "சின்னக் கட்டி அம்மா" என்றேன். அம்மா சுகமாகிவிட்டா. அன்று நான் மாற்றிச் சொன்னது மட்டும் அவவுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
ராகவி

ஆல்பனி, 20.07.2025

என் ராகவிக்கு,

குறை நினைக்காதே. மூன்றிலும் ஒரே கதை. வேறு அனுபவமே இல்லாத பிள்ளை என்று நினைப்பார்கள். ஒன்றில் மட்டும் விடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், மூன்றிலும் எடுத்துவிடு. வருத்தக் கதை எல்லாரும் எழுதுவார்கள். நீ டெயரிக் கடையில் வேலை செய்ததை எழுது.

என் விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.

உன் வித்தியா

மாஸி புறநகர், 02.08.2025

அன்புள்ள வித்தியா,

எடுத்துவிட்டேன். அழிக்கும்போது அழுகை வந்தது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உன்னுடையதை எப்போது காட்டுவாய்?

ராகவி

ஆல்பனி, 05.12.2025

என் ராகவிக்கு,

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. உனக்கு இல்லை என்று அம்மா சொன்னா, மனமே சரியில்லை. அடுத்த வருடம் நிச்சயம் கிடைக்கும். என் கட்டுரையில் பார்க்க ஒன்றுமில்லையடி, சும்மா எழுதினது.

உன் வித்தியா

மாஸி புறநகர், 18.01.2026

வித்தியா,

உன் அம்மா ரதி அன்ரி வந்தா. மகள் டொக்டருக்குப் படிக்கப்போகிற புளுகத்திலும் பெருமையிலும் உன் கட்டுரையைக் கோயில் ஆண்டு மலரில் போடப்போகிறாவாம். "எனக்கு இங்கிலீஷ் ஓடாது, நீ தமிழில எழுதித் தா பிள்ளை" என்று பிரதியைக் கையில் தந்தா. உனக்குச் சொல்லவில்லையாம், மலர் வந்தபின் காட்டப்போகிறாவாம்.

முதல் பந்தியிலேயே என் அம்மா இருந்தா. உன் அம்மா என்று எழுதியிருந்தாய். அந்தச் சின்னக் கட்டியும் அப்படியே இருந்தது. கேட்டிருந்தால் தந்திருப்பேனோ தெரியாது. நீ கேட்கவேயில்லை.

மலரில் வந்தால் அம்மா எப்படியும் வாசிப்பா. அதனால் நானே வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னா: "எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை, உன்ர முகத்தைப் பார்த்தனான். இதை ஏன் வித்தியா எழுதினவள்?"



ஒரு வரியும் விடாமல் தமிழில் எழுதி இன்று அன்ரியிடம் கொடுத்துவிட்டேன். தனக்கு எப்போது புற்றுநோய் வந்தது என்று உன்னைத்தான் கேட்பா. அவ வாசிக்கும்போது பக்கத்தில் இரு.

எனக்கு இனி எழுதாதே.

ராகவி