பிரவுசர் இறங்கிய நேரம்

2007, செவ்வாய் இரவு. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை.

புதுப் பிரவுசர் வந்தால் மகாவலி ஆற்றங்கரையில் முதலில் அதை இறக்கி முடிசூடுபவன் நானாகத்தான் இருக்க வேண்டும். பின்னேரம் முழுவதும் தொலைபேசி வயரைக் கணினியில் சொருகி, யானையை ஊசித்துளையால் இழுப்பதுபோல் புதிய பதிப்பை இறக்கினேன். இணையம் ஓடினால் எங்கள் தொலைபேசிக்கு அழைப்பு வராது.

அக்கா ஓடி வந்தார். "டேய், அத்தான் வவுனியாவிலயிருந்து இண்டைக்கு எடுக்கிறன் எண்டவர். உந்தச் சனியனைக் கழட்டு!"

பிடுங்கினேன். பிறகு மணி அடிக்கவேயில்லை. அந்தப் பக்கம் ஷெல்லடி என்று வானொலி சொன்னது.

அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, அப்பா ஏன் எடுக்கேல்ல?"

"ஆயிரம் தரம் எடுத்திருப்பார் பிள்ளை! மாமான்ர பிரவுசர்தான் விடேல்ல" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். முறைக்கட்டும். பிழை முழுவதும் என்னுடையதாகவே இருக்க வேண்டும், கடவுளே.