ஹீட்டர் ஃபேனில் மாட்டிய லுங்கி

ஐப்பசி, வியாழன் இரவு.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் குவைத்துக்குத் திரும்ப வேண்டும். பெட்டியில் இன்னும் ஒரு சட்டைகூட வைக்கவில்லை. காலையிலிருந்து எங்கள் பழைய பிக்கப்புக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஹீட்டர் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊருல யாருங்க ஹீட்டர் போட்டு வண்டி ஓட்டுறாங்க?" என்றேன் எரிச்சலாக.

"மழையில கண்ணாடி மங்குது. நீ ஒரு கையால தொடைச்சுக்கிட்டே ஓட்டுற. அங்க போய் நான் எப்படித் தூங்குறது?"

டார்ச் பிடித்தேன்.

நெல் மூட்டையிலிருந்து உதிர்ந்த பதரும் ஒரு எலிக்கூடும் ஃபேனை அடைத்துக்கொண்டிருந்தன. கூட்டை இழுத்தார். நீலக் கட்டம் போட்ட துணிக் கிழிசல்கள் வந்தன.

"மேரி, இது என் லுங்கியில்ல?"

"கண்ணாடி தொடைக்க டேஷ்போர்டுல வச்சிருந்தேன்."

"வீட்ல வேற கந்தலே இல்லையா?"

இருந்தது. போன தடவை அவர் புறப்பட்ட அன்று கழற்றிப் போட்ட லுங்கி இது. துவைக்காமலே எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஃபேனைத் திரும்ப மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மிச்சமிருந்த பதரெல்லாம் எங்கள் முகத்தில் பறந்தது. சிரித்து மாளவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருக்க, கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

சாயங்காலம், அவர் நேற்றுக் கட்டியிருந்த பச்சை லுங்கியைத் துவைக்கத் தேடினேன். வீட்டில் எங்கும் இல்லை. வண்டியில் இருந்தது. டேஷ்போர்டுக்குள், நான்காக மடித்து, துவைக்காமல்.