தொடப்படாத உருவம்

11 மார்ச் 2019

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, மூன்று மாதம், ஒன்பது நாள். கனிமவியல் கற்பித்தவளை அளவுகள் எளிதில் விடுவதில்லை. என்னோடு ஒரே முற்றத்தில் வளர்ந்த கபாவுக்கும் இதே வயதுதான். அவளுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரமாகிறது, வலப்பக்கம் அசையவில்லை. நாக்கு மட்டும் சேதமின்றித் தப்பிவிட்டது.

அவள் மகன் க்லேப் தொலைபேசியில் சொன்னான்: "மாசக் கடைசிக்குள்ள அம்மா எழுந்து நிக்கலேன்னா, இங்கே முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன் அத்தை. எனக்கு வேற வழி தெரியல."

அவனுடைய 'இங்கே', நாங்கள் இருக்கும் இந்தக் காமா நதிக்கரையிலிருந்து இரண்டு நாள் ரயில் தூரம்.

13 மார்ச்

பயிற்சி தரும் பெண் வந்தாள். கபா காலைக்கூட நீட்டவில்லை.

"அசையாம இருக்கறதுல எனக்குப் பழைய அனுபவம் உண்டும்மா. இதோ இருக்காளே நோன்னா, ஒன்பது வயசுல என்னை முற்றத்துல நிக்க வெச்சிட்டு, மறந்துபோய் சூப் குடிக்கப் போனவ!"

ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் அவள் சொல்லும் கதை இது. "ஆமா, மறந்துட்டேன்" என்றேன், வழக்கம்போல.

14 மார்ச்

மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். 1950இன் கோடை. துணிக்கொடிகளில் பதினொரு குடும்பங்களின் படுக்கை விரிப்புகள். காற்று புகுந்ததும் முற்றமே நீர்ப்பரப்பாகிவிடுகிறது. நான் முதுகைக் காட்டி நின்று கூவுகிறேன்: "கடல் பொங்குது ஒண்ணு, கடல் பொங்குது ரெண்டு, கடல் பொங்குது மூணு! கடல் உருவமே, அசையாதே!" திரும்புகிறேன். வெண்மைக்கு நடுவே ஐந்து சிலைகள். நான் தொடும் சிலை உயிர்பெற்று, தான் என்னவென்று ஆடிக் காட்ட வேண்டும். மீன், நண்டு, நங்கூரம், மாலுமி. ஐந்தாவது கபா: விறைப்பாக, வலது கையை உயர்த்தி, விரல்களை விரித்து. அவளைத் தொடுவதற்குள் என் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

பிறகு மழை. இருட்டும்வரை கபா நின்றாள். அவள் தாய் வந்துதான் இழுத்துப்போனாள்.

அது என்ன உருவம்? தொடாத சிலை வாய் திறக்காது; விதி அது. அறுபத்தொன்பது ஆண்டுகளாக அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

17 மார்ச்

நதி உறைந்தே கிடக்கிறது. அவளும்.

21 மார்ச்

க்லேப் முப்பத்தொன்றாம் தேதிக்கு டிக்கெட் வாங்கிட்டானாம். கேட்டுட்டு அவ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. போறதுன்னு முடிவே பண்ணிட்டாளா? இவ போயிட்டா நான் யாரோட சண்டை போடறது — கண்ணாடியோடயா?

22 மார்ச்

என் கல்வித் தகுதிக்குப் பொருந்தாத காரியம் ஒன்றைச் செய்தேன். அவளுடைய வலது தோளைத் தொட்டு, "உருவமே, உயிர் பெறு" என்றேன்.

பாதி முகத்தால் சிரித்தாள். "ரொம்ப லேட்டுடி, பேராசிரியை."

"எழுந்து நின்னு காட்டு. என்ன உருவம் அது?"

"முதல்ல நீ சொல்லு. நிஜமாவே மறந்துட்டியா?"

அடுப்பில் கஞ்சி இருப்பதாகச் சொல்லி வெளியே வந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

27 மார்ச்

ஐந்து நாளாக அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோழை.

2 ஏப்ரல்

க்லேப் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கபா இன்று கைப்பிடிச் சட்டத்தோடு நான்கு அடி நடந்தாள். நான்காவது அடியில் என்னைத் திட்டினாள்.

இருபத்தொன்பதாம் தேதி அவளிடம் சொன்னதை இங்கும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுகளிலும் நான் பொய்தான் எழுதிவந்திருக்கிறேன். நான் மறக்கவில்லை. பொதுச் சமையலறை ஜன்னலில், திரைக்குப் பின்னால், சர்க்கரை தூவிய ரொட்டியைத் தின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் நிற்பதில் முற்றத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரே ஒரு முறை அவள் தோற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். மழை தொடங்கிய பிறகும் இறங்கிப் போகவில்லை.

அன்று நான் சொல்லி முடித்தேன். அவள் இடது கையால் கட்டில் விளிம்பைப் பற்றினாள். நின்றாள். வலது கை எழவில்லை. தொங்கிய கையில் விரல்கள் மட்டும் மெல்ல விரிந்தன.

"கலங்கரை விளக்கம்டி" என்றாள். "அங்கேர்ந்து உன் ஜன்னல் நல்லாத் தெரிஞ்சுது. ரொட்டியும்."