கடல் அழகாக இருக்கிறதாம்

ஜூலை 12, சனி
காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. அண்ணனுக்கு செகண்ட் ஷிப்ட். அண்ணியையும் பிலிம் கிளப்புக்கு அழைத்துப் போனேன். (அம்மா சொன்னதால். நானாக இல்லை.) அவள் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே, பூனா பக்கம் நிக்டிக்கு வந்து நாலு மாதம். ஹிந்தி வராது.

ஜப்பானியப் படம். டோக்கியோவை விட்டு வந்த நாலு இளைஞர்கள், தெற்கே வெயில் கொளுத்தும் ஒரு தீவு. அன்னாசித் தொழிற்சாலையில் வேலை, தகரக்கூரை வீடு, வியர்வை. கதை என்று பெரிதாக இல்லை. சப்டைட்டிலை அண்ணியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்திவிட்டேன்.

முடிந்ததும் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நான் ‘அந்நியமாதல்’ பற்றி ஐந்து நிமிடம். நினைத்தால் கூசுகிறது. பிறகு எல்லாரும் காகா என்று கூப்பிடும் செயலாளர், வஹினிக்கு (மராத்தியில் அண்ணி) என்ன தோன்றியது என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல அண்ணி எழுந்து நின்றாள்.

“எல்லாரும் அவங்களப் பாத்து நல்லாத்தான் சிரிக்காங்க. ஆனா ஒருத்தரும் வீட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிடல.”

நான் மொழிபெயர்க்கக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் பூனாக்காரர்கள். அவர்களையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே. கடல் அழகாக இருக்கிறதாம் என்றேன். கைதட்டினார்கள். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பஸ்ஸில் கேட்டாள், நான் சொன்னதை அப்படியே சொன்னாயா என்று. சொன்னேன் என்றேன்.

ஜூலை 14, திங்கள்
கிளப்பின் மாதத் தாளுக்கு விமர்சனம், நாளைக்குள். வாங்க வேண்டியது: ரீஃபில், கொத்தமல்லி, கொசுவர்த்தி.
மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எல்லாம் படித்ததன் வாடை. கடைசியில் அண்ணியின் வரியைப் போட்டேன். கட்டுரைக்கே உயிர் வந்துவிட்டது. ‘என் அண்ணி சொன்னது’ என்று சேர்த்தேன். அடித்தேன். கீழே என் பெயர் மட்டும்.

ஜூலை 26, சனி
தாள் வந்தது. நான் ஒளித்து வைப்பதற்குள் அண்ணன் எடுத்துவிட்டான். சாப்பிடும்போது படித்து, அந்த வரியைத் தமிழில் அண்ணிக்குச் சொன்னான். “எங்கருந்துட்டி உனக்கு இப்படில்லாம் தோணுது?” என்னைப் பார்த்துக் கேட்டான். பெருமை அவனுக்கு. அண்ணி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நல்லாருக்கு என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு
மழை விட்டிருக்கிறது. கொடி முழுக்கத் துணி.
சொல்லிவிட்டேன், அண்ணனிடம், அவள் எதிரிலேயே. வரி அவளுடையது, அன்று கிளப்பில் வேறு எதையோ சொல்லி மழுப்பினேன். அழுதுவிட்டேன். அண்ணன் சிரித்தான். ஒரு வரிதானே, வீட்டுக்குள்ளதானே இருக்கு, இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா என்றான்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவனிடம்தான் சொன்னாள்.

“ஒரு வரிதான். இந்த ஊருக்கு வந்து, வீட்டுக்கு வெளிய நான் வாயத் தொறந்து பேசினது அது ஒண்ணுதான்.”