பேர் வெட்டிய தட்டு

ஜித்தா, 14.3.1984

அன்பு மஹ்பூபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவின் முட்டுவலி தேவலையா?

எங்கள் மெஸ் சமையல்காரர் நாகூர் மீரான் போலகத்துக்காரர். மலப் பரிசோதனையில் கிருமி அகப்பட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, என் லேபுக்கே வந்து, "ஒங்களோடத என் பேருல வச்சுடுங்க காக்கா" என்று கெஞ்சினார். மறுத்துவிட்டு, விளையாட்டாக அவருடையதோடு என்னுடையதையும் தனித்தனிப் பிளேட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்தேன். அவருக்கு ஒன்றுமில்லை. என் பிளேட்டில்தான் நடுவே கறுத்த புள்ளிகள். மற்றச் சோதனைகளிலும் சால்மோனெல்லா என்றே வந்தது, சோற்றின் வழியாகப் பிறருக்கும் தொற்றும் குடல் கிருமி. காய்ச்சல் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், பயப்படாதே.

இப்போது மீரான் என் சோற்றை அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான்.

நூகு மச்சான் ஊரிலிருந்து இங்கே புறப்படும்போது என் பேர் வெட்டிய தட்டையும் டம்ளரையும் கொடுத்தனுப்பு. உம்மா கேட்டால், இங்கே தட்டுகள் மாறிப்போகின்றன என்று சொல்.

தபால் பையைக் கட்டப் போகிறார்கள்.

செய்யது மஸ்தான்